தள்ளிநில்லு அண்ணனும் ஏலக்காய் லென்ஸும்

கம்பம் பள்ளத்தாக்கில் இதுவரை பிறந்த போட்டோகிராபர்களிலேயே, தான் படமெடுத்த விசேஷ வீடுகளில் பாதிக்கு மேல் உள்ளே நுழையாதவர் தள்ளிநில்லு அண்ணன் ஒருவர்தான். இதை நான் எந்தக் கோர்ட்டிலும் வந்து சொல்வேன். உத்தமபாளையம் கோர்ட் என்றால் இன்னும் வசதி, பக்கத்திலேயே நல்ல டீக்கடை இருக்கிறது.

அவருடைய சொந்தப் பெயர் சின்னமனூரில் அவரது ஸ்டூடியோ போர்டில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. ஆனால் போர்டைப் படிக்கிற தூரத்துக்கு யாராவது வந்தால் உள்ளேயிருந்து "தள்ளி நில்லு, தள்ளி நில்லு" என்று குரல் வந்துவிடும். அப்புறம் யார் படிப்பது? ஊர் முழுக்க அவருக்கு அதுவே பெயராகிவிட்டது.

பிறரைத் தள்ளி நிற்கச் சொன்னதைவிட அவர் தள்ளி நின்றதுதான் அதிகம். முகத்தைப் படமெடுக்க வேண்டுமென்றால் முகத்தைவிட்டு விலக வேண்டும் என்பது அவருடைய கொள்கை. கிட்டப் போய் எடுத்தால் மூக்கு பெருத்து, காது பின்னால் ஒளிந்துகொள்ளும். தூரத்தில் நின்று டெலி லென்ஸில் இழுத்து எடுத்தால்தான் மூக்கு மூக்காகவும் காது காதாகவும் இருக்கும். இதை அவர் இவ்வளவு சாதுவாகச் சொல்ல மாட்டார்.

"செல்போன்ல எடுக்குறான் பாரு தம்பி, மூக்கு இன்னைக்கு வருது, காது நாளைக்குத்தேன் வருது. மனுசனுக்கு மூக்க முன்னாடி வச்சதே, எட்டி நில்லுடான்னு சொல்றதுக்குத்தேன்" என்பார்.

உத்தமபாளையத்தில் ஒரு நிச்சயதார்த்தம். வீட்டுக் கூடமே பத்தடி. அதற்குள் இரண்டு வீட்டார், தாம்பூலத் தட்டுகள், ஒரு பிளாஸ்டிக் மாலைக்காகச் சண்டை போடும் நான்கு குழந்தைகள். அண்ணன் வாசலில் நின்று ஒரு தடவை எட்டிப் பார்த்தார், போய்விட்டார். முகூர்த்த நேரம் நெருங்க நெருங்க மாப்பிள்ளையின் அப்பாவுக்கு முகம் சிவக்க ஆரம்பித்தது.

"போட்டோகிராபரு வந்தாகளா இல்லையா? ஆளையே காணோமே! இதுக்குத்தேன் தேனிலருந்து ஆளக் கூட்டியாரலாம்னேன்" என்று கத்திவிட்டு, செல்போனில் அண்ணனைக் கூப்பிட்டார். பதில் செல்போனிலும் வந்தது, நேரிலும் வந்தது.

"எதிர்த்த மாடி அடுப்படிலதேன் நிக்கிறேன். கொஞ்சம் நிமிந்து சன்னல் பக்கம் பாருங்க. ஆ, அந்தக் கோபம் அப்படியே இருக்கட்டும்!"

எதிர்வீட்டுக்காரர்கள் கொடுத்த இரண்டு தோசையைச் சாப்பிட்டுக்கொண்டே அங்கிருந்து முழு நிச்சயத்தையும் எடுத்து முடித்தார். சன்னலைப் பார்த்து உறுமிய மாப்பிள்ளையின் அப்பா படம் இருக்கிறதே, அதை மாப்பிள்ளை வீட்டில் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். சம்பந்தி வீட்டார் வந்தால் அதைப் பார்த்துவிட்டு உட்காரும் விதமே வேறு.

ராயப்பன்பட்டியில் ஒரு பாப்பாவுக்குப் புது நன்மை, சர்ச்சில் முதல் தடவை நற்கருணை வாங்கும் விசேஷம். வெள்ளை கவுன், தலையில் பூ வளையம், கையில் மெழுகுவர்த்தி. பாப்பாவை ஒரு தென்னை மரத்தடியில் நிறுத்திவிட்டு அண்ணன் பின்னால் நடக்கத் தொடங்கினார். அவர் பின்னால் நடக்கும்போது ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்க மாட்டார். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போனவர், தொபுக்கடீர் என்று வாய்க்காலில் இறங்கிவிட்டார். கேமரா மட்டும் தலைக்கு மேலே இரண்டு கைகளிலும் பத்திரமாக இருந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்றபடியே அவர் சொன்னது: "இப்பத்தேன் ஃபிரேம் சரியா வருது."

இந்த மனிதரோடு நான் ஏன் சுற்றினேன் என்று கேட்பீர்கள். நான் அப்போது திராட்சைக்கு மருந்து விற்கும் ஒரு கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. ஓடைப்பட்டி, சுருளி, கூடலூர் என்று பந்தல் பந்தலாக அலைவது வேலை. குடியிருந்தது ஸ்டூடியோவுக்கு மேல்மாடி. என்னிடம் ஒரு பைக் இருந்தது, எதற்கும் "முடியாது" என்று சொல்லத் தெரியாத நாக்கும் இருந்தது. ஓர் ஆளைக் கெடுக்க இது போதாதா?

அவருடைய ஸ்டூடியோ முகப்பில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. மணமக்கள், மொட்டையடித்த குழந்தைகள், ஜல்லிக்கட்டுக் காளை, பட்டம் வாங்கிய பெண் எல்லாரும் அதில் வரிசையாக இருப்பார்கள். ஆனால் நட்டநடுவே ஒரு பெரிய ஃபிரேம், நல்ல தேக்கு, காலியாக இருந்தது. ஒருத்தர் தன் பேரனை அதில் வைக்கச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தார். ஒரு கட்சிக்காரர் தன் தலைவரை வைக்கச் சொல்லி மிரட்டியே பார்த்தார். எல்லாருக்கும் ஒரே பதில்.

"அதுக்கு ஆளு இருக்கு. லென்ஸுதேன் வரணும்."

அந்த ஆள் யாரென்பது எனக்கு ஒரு மழை நாளில்தான் தெரிந்தது. கல்யாண ஆல்பம் ஒன்றை எடுத்து என் முன்னால் போட்டார். அவருடைய சொந்தக் கல்யாணம். புரட்டினேன். மணமேடையில் மணப்பெண் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறார். தாலி கட்டும்போது உதட்டை இறுக்கிக்கொண்டிருக்கிறார். விருந்தில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். தொடக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை கடும் பல்வலிக்காரி போல ஒரு மணப்பெண்.

"மதினிக்கு அன்னைக்கு உடம்பு சரியில்லையாண்ணே?" என்றேன்.

"முன்பல்லு ஒண்ணு பாதி உடைஞ்சிருக்கும் தம்பி. சின்னப் புள்ளையில ஓடியாடி வெளையாடுறப்ப திராட்சைப் பந்தல் கல்லுல மோதிக்கிட்டா. கேமராவக் கண்டா கை தன்னால வாய்க்குப் போயிரும். தேனில பல்லு டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போறேன்னேன். பல்ல மாத்துனா எங்க ஆத்தாவுக்கே என்னைய அடையாளம் தெரியாம போயிரும்னுட்டா."

அப்புறம் என்னை நோக்கி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தானாகக் கிட்ட வந்து அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"வீட்டுக்குள்ள எம்முன்னாடி அவ வாய மூடுனதே கெடையாது. என்னமா சிரிப்பாங்கிற! ஊருல எல்லாத்து சிரிப்பையும் எடுத்துட்டேன். பன்னெண்டு வருசமா அந்தச் சிரிப்ப நான் ஒருத்தன்தேன் பாத்துக்கிட்டிருக்கேன். அது எப்படி இருக்கும்னு அவளுக்கே தெரியாது தம்பி."

அந்த நிமிடத்திலிருந்து நான் அவருடைய கட்சி. மதினியின் சிரிப்பை எடுத்தே தீர்வது என்று முடிவாயிற்று. பைக்குக்கு அன்றே எண்ணெய் மாற்றினேன்.

சிக்கல் இரண்டு. மதினிக்குப் பிறந்த வீட்டு வழியில் ஓடைப்பட்டியில் முக்கால் ஏக்கர் திராட்சைப் பந்தல் உண்டு. அவர் வாய்விட்டுச் சிரிப்பது அங்கேதான், கூட வேலை செய்கிற பெண்களோடு கொத்துகளில் பிஞ்சு கத்தரிக்கும்போது. ஆனால் பந்தலுக்கடியில் இலை மூடிக்கிடக்கும், நடுப்பகலிலும் இருட்டு. சாதாரண லென்ஸில் எடுத்தால் முகமும் கருப்பட்டியும் ஒன்றாகத்தான் தெரியும். அடுத்த சிக்கல் மதினியின் கண். அண்ணன் கேமராவோடு இருபது அடிக்குள் வந்தால் அவர் கண்டுபிடித்துவிடுவார். இருபது அடி என்பது ஊகமில்லை, அண்ணன் டேப் வைத்து அளந்து வைத்திருந்தார்.

ஆகவே லென்ஸ் தேர்வு தொடங்கியது. பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இத்தனை யோசித்திருக்க மாட்டார்கள்.

"எண்பத்தஞ்சு எம்எம் வாங்கலாமாண்ணே? முகத்துக்கு அதுதான் நல்லதுன்னு சொல்றாங்க" என்றேன், இணையத்தில் அரைமணி நேரம் படித்துவிட்டு வந்த துணிச்சலில்.

"எண்பத்தஞ்சுன்னா பதினெட்டு அடிக்குள்ள போகணும். மாட்டிக்கிருவேன்."

"அப்ப இருநூறு?"

"பழைய இருநூறெல்லாம் வாய் சின்னதுய்யா. பந்தலுக்குள்ள கண்ணு தெரியாது. அம்புட்டுத் தூரம் போனா கல்தூணு வேற குறுக்க வரும். நூத்திமுப்பத்தஞ்சுதேன். முப்பதடி. அதுலயும் மூணரை ஆகாது, ரெண்டே முக்காலு பரவாயில்ல, ரெண்டு கெடைச்சா சாமி கொடுத்தது."

எம்எம் கூடக்கூடத் தூரத்திலிருந்தே முகத்தை இழுக்கலாம்; மூன்றரை, இரண்டு என்பதெல்லாம் லென்ஸின் வாய் எவ்வளவு திறக்கும் என்பதற்கான எண். எண் குறையக் குறைய வாய் பெரிது, உள்ளே நுழையும் வெளிச்சமும் அதிகம். புது லென்ஸில் இரண்டு என்ற அளவும் உண்டு, அதைவிடப் பெரிய வாயும் உண்டு. ஆனால் அவற்றின் விலையைக் கேட்டால் நம் வாய் அதைவிடப் பெரிதாகத் திறக்கும். எனவே பழசு. ஐம்பது வருடத்துக்கு முந்தைய இரும்பும் கண்ணாடியும், போகஸை நாமே கையால் திருகிப் பிடிக்க வேண்டியது. ஓர் இணைப்பு வளையம் வாங்கி மாட்டினால் இன்றைய மிரர்லெஸ் கேமராவில் அழகாக உட்காரும்.

தபாலில் முதல் லென்ஸ் வந்தது. ரஷ்யாவில் செய்தது, யானைக்கால் கனம். அண்ணன் அதை முதலில் முகர்ந்து பார்த்தார். பிறகு காதருகே வைத்து ஆட்டினார். பிறகு செல்போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பார்த்தார். "உள்ள பூசணம் புடிச்சு வேர் விட்டிருக்குய்யா. இன்னும் ஒரு மாசம் போனா காய்க்கும்" என்று திருப்பி அனுப்பினார்.

இரண்டாவது, தேனியில் ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவரிடம் இருந்தது. இரண்டே முக்கால், பளிங்கு மாதிரிக் கண்ணாடி. சோதித்துப் பார்க்கிறேன் என்று அண்ணன் அந்த டாக்டரைத் தோட்டத்தில் நிறுத்தி, மதிலேறி நின்று, மூன்று மணி நேரம் எடுத்தார். படத்தைக் காட்டினார். டாக்டர் வெகு நேரம் பார்த்தார். தன் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். "இது நான்தானா? இவ்வளவு நல்ல லென்ஸையா நான் விக்க இருந்தேன்?" என்றவர், லென்ஸை வாங்கி உள்ளே கொண்டுபோய் அலமாரியைப் பூட்டிவிட்டார். எங்களுக்குக் காபி கொடுத்தார், அதைக் குறை சொல்ல முடியாது.

போடியிலும் இதே கதைதான் நடந்தது. விற்கிறவரையே சோதனைக்கு எடுப்பார், அவர் படத்தைப் பார்த்து மயங்குவார், லென்ஸ் கைவிட்டுப் போகும்.

"அண்ணே, அடுத்த தடவ தயவுசெஞ்சு மோசமா எடுங்க" என்று கும்பிட்டேன்.

"மோசமாவா? எப்படி எடுக்குறது?" என்றார். நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

நான்காவது, கேரளத்துக் கட்டப்பனையில் ஓர் ஏலக்காய் வியாபாரி. அவருடைய கூடப்பிறந்தவர் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்து வைத்துவிட்டுப்போன ஜப்பான் லென்ஸ். நூற்றிமுப்பத்தைந்து. வாய் இரண்டு! அண்ணன் உடனே டார்ச்சை அடித்துப் பார்த்தார். உள்ளே லேசாக மூட்டம் போட்டிருந்தது, ஆனால் வேர் விடவில்லை. வழி நெடுக, குமுளி மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் நான் ஓதியிருந்தேன், மோசமாக எடுக்க வேண்டுமென்று. வியாபாரி தானாகவே வெள்ளை வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு மிளகுக்கொடி பக்கத்தில் போய் நின்றார். நல்ல முகம். தாடியில் வெயில் வேறு. அண்ணன் முப்பதடி பின்னால் போனார், போகஸ் வளையத்தைத் திருகினார், முகம் தெளிந்து வந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு வளையத்தை ஒரு சுற்று தப்பாகத் திருகிவிட்டு அமுக்கினார். எனக்குத் தெரிந்து அவர் தொழிலில் செய்த ஒரே பாவம் அது.

வியாபாரி படத்தைப் பார்த்து, "இதெந்தா மோனே, மஞ்ஞோ?" என்றார்.

"பனியில்ல சேட்டா, லென்ஸு பழசு" என்றேன் நான்.

"கொண்டுபொய்க்கோ, கொண்டுபொய்க்கோ" என்று காசை வாங்கிக்கொண்டு லென்ஸை எங்கள் பக்கம் தள்ளினார்.

திரும்பி வரும்போது மலையடிவாரத்து லோயர் கேம்ப் தாண்டியதும் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "நல்ல முகம்யா அது. தாடி இழை இழையா வந்திருக்கும். திரும்பிப் போயி ஒரே ஒண்ணு எடுத்துக் குடுத்துட்டு வந்துருவமா?" நான் கியரை மாற்றினேன்.

லென்ஸுக்குள் இருந்த மூட்டத்தைப் போக்கினால் போதும், எல்லாம் முடிந்தது. வெயிலில் வைத்தால் போகும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அது சாரல் மாதம். கட்டப்பனையிலிருந்து திரும்பிய மறுநாள் முதல் வெயிலே இல்லை. எங்கள் பக்கத்து ஆள் இந்த நேரத்தில் என்ன செய்வான்? ஈரமான எதையும் காயவைக்க எங்களுக்கு ஒரு வழி தெரியும். மேகமலையில் அண்ணனின் தெரிந்தவர் ஒருவர் ஏலக்காய் உலர்த்தும் கூடத்தில் வேலை பார்த்தார். உள்ளே சூடான காற்று ஓடிக்கொண்டே இருக்கும். பச்சை ஏலக்காய் பரப்பிய தட்டில் அண்ணனும் அவரும் நடுவே குழி பறித்து, லென்ஸை உட்கார வைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்தார்கள். ஒரு முழுப்பகல்.

மறுநாள் லென்ஸ் வந்தது. மூட்டம் சுத்தமாகப் போய்விட்டது. கண்ணாடி கண்ணீர்த் துளி மாதிரி இருந்தது. கூடவே வேறு இரண்டு காரியங்களும் நடந்திருந்தன. ஐம்பது வருடத்து கிரீஸ் உருகி வாயைத் திறந்து மூடும் தகடுகளில் வழிந்து, அவை திறந்தபடியே ஒட்டிக்கொண்டன. வாயை மூடவே முடியாது, இனிமேல் அது ஆயுளுக்கும் இரண்டுதான். இன்னொன்று, அதன் மேலெல்லாம் ஏலக்காய் வாசம். கொஞ்சநஞ்சமில்லை. லென்ஸை எடுத்தால் ஸ்டூடியோவுக்கு வந்தவர்கள் பாயாசம் எங்கே என்று கேட்டார்கள்.

நான் தலையில் கை வைத்தேன். அண்ணன் குதித்தார்.

"மூடுறதுக்கா தம்பி வாங்குனோம்? தொறக்குறதுக்குத்தேனே வாங்குனோம்!"

எனக்கு வேறு கவலை. லென்ஸ் வாயை மூட மாட்டேன் என்கிறது, மதினி வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். இரண்டு பேரையும் எப்படிச் சேர்த்து வைப்பது?

நான் பயந்தபடியே ஆயிற்று. அண்ணன் முதல் நாள் பந்தலுக்குள் புகுந்து, நாற்பதடிக்கு அப்பால் கல்தூண் மறைவில் மூச்சையடக்கி நின்றார். மதினி முதுகைக் காட்டிக்கொண்டு கொத்தைக் கத்தரித்துக்கொண்டிருந்தவர், திரும்பாமலே சொன்னார்.

"ஏலக்கா வாசம் வருது. பக்கத்துத் தோட்டத்துல பாயாசம் காச்சுறாகளா, இல்ல எங்க வீட்டுக்காரரு வந்துருக்காகளா?"

கூட இருந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். மதினியின் கை வாய்க்குப் போய்விட்டது. அண்ணன் தூணின் பின்னாலிருந்து கையெடுத்துக் கும்பிட்டபடி வெளியே வந்தார். மூன்று நாள் மூன்று மூலையிலிருந்து முயன்றார். மூன்று நாளும் மூக்கு அவரைக் காட்டிக்கொடுத்தது.

அப்போதுதான் அண்ணன் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். ஏதோ அபாயம் வருகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"தம்பி, ஒம்மேல எப்பவும் மருந்து வாடை அடிக்கும்ல?"

"தொழில்ணே."

"நீதேன் எடுக்குற."

திட்டம் இதுதான். நான் மதினியின் பந்தலுக்கு அதிகாரபூர்வமாக வந்துபோகிறவன், என்னை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலக்கும் போர்டோ மருந்தைச் செய்து காட்டுவதாக நான் மதினிக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தேன். அதைக் காலையிலேயே பந்தலுக்குள் இருந்த தரைமட்டத் தொட்டியில் கலக்கி வைத்துவிட வேண்டும். அந்த வாடையில் ஏலக்காய் அமுங்கிவிடும். திராட்சை அள்ளும் பிளாஸ்டிக் கூடைகளை அடுக்கி, அதன் மறைவில் முக்காலியில் கேமரா. அண்ணன் கையில் ஒன்றுமில்லாமல் மதினியிடம் போய்ப் பேச்சுக் கொடுப்பார். வெறுங்கையோடு வந்தால் மதினி வாயை மூடமாட்டார், சிரிப்பார், நான் அமுக்க வேண்டியது.

அன்று விடிந்ததும் அண்ணனே வந்து கேமராவை நிறுத்தி, மதினி வழக்கமாக நிற்கும் ஐந்தாம் கல்தூணுக்குப் போகஸ் வைத்து, வளையத்தின் மேல் ஒட்டு டேப்பைச் சுற்றினார்.

"முப்பதடில ஒரு முழம்தேன் தெளிவா விழும். அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் புகை. வளையத்தத் தொட்ட, கைய ஒடிச்சுருவேன்."

பத்து மணிவாக்கில் மதினியும் பெண்களும் வந்தார்கள். நான் ஓர் இலையைப் பிடித்து அதில் உலகத்து நோயெல்லாம் இருப்பதுபோல் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மெல்லக் கூடை மறைவுக்குப் போய்த் திரையைப் பார்த்தேன். ஐந்தாம் கல்தூண் துல்லியமாக இருந்தது, அதில் ஊர்ந்த எறும்பு உள்பட. மதினி? மதினி தூணுக்கு இரண்டடி பின்னால் நின்றிருந்தார். திரையில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு புகை அசைந்தது. அவ்வளவுதான். வளையத்தைத் தொடக் கூடாது. தொட்டாலும் எனக்குத் திருகத் தெரியாது.

அண்ணன் கையை வீசிக்கொண்டு போனார். மதினி ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னங்க, கேமரா இல்லாம வந்துருக்கீக? ஒடம்புக்கு முடியலையா?"

"சும்மாத்தேன்."

"சும்மா வர்ற ஆளா நீங்க?"

"ஏன், எம் பொண்டாட்டியப் பாக்க நான் வரக் கூடாதா?"

பெண்கள் ஓவென்று கத்தினார்கள். "யாத்தே, இங்கன என்னமோ நடக்குதுடி!" என்றார் ஒருத்தி. மதினிக்கு வெட்கம் தாங்கவில்லை, கையிலிருந்த கத்தரியைக் கூடையில் போட்டுவிட்டுக் குனிந்துகொண்டார். அண்ணனோ எந்த முகத்தையும் ஃபிரேமுக்குள் வைத்தே பார்த்துப் பழகியவர். கையில் கேமரா இல்லை, ஆனால் கால்களுக்கு அது தெரியவேண்டுமே. முகத்தைப் பார்த்தபடியே ஓரடி பின்னால் வந்தார். இன்னோர் அடி. என் திரையின் ஓரத்தில் அவருடைய முதுகு ஒரு பெரிய நிழலாக வளர்ந்துகொண்டே வந்தது.

அவருக்குப் பின்னால் இருந்தது என் மருந்துத் தொட்டி.

நான் கத்தியிருக்கலாம். சத்தியமாகச் சொல்கிறேன், வாய்வரை வந்தது. ஆனால் கத்தவில்லை. இதுவரைக்கும் நான் செய்த நல்ல காரியங்களில் இதை முதலாவதாக வைப்பேன்.

"ஏங்க, பின்னாடி தொட்டி, தொட்..."

மதினி சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் மல்லாந்துவிட்டார். நீலத் தண்ணீர் இலை மட்டத்துக்கு எழும்பியது. பழக்கதோஷம், இரண்டு கைகளும் இல்லாத கேமராவைக் காப்பாற்றித் தலைக்குமேல் தூக்கியபடி இருந்தன! அதைப் பார்த்ததும்தான் மதினிக்குச் சிரிப்பு பீறிட்டது. அவரைப் பிடிக்க இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு முன்னால் பாய்ந்தார். கல்தூணுக்குப் பக்கத்தில் வந்தார். என் திரையில் அதுவரை வெறும் புகையாக இருந்த முகம், அந்தக் கணத்தில் கண், இமை, மூக்குத்தி, பாதி உடைந்த பல் எல்லாமாகப் பளிச்சென்று தெளிந்தது. நான் அமுக்கினேன். எத்தனை தடவை என்று தெரியாது, விரல் வலிக்கும்வரை அமுக்கினேன்.

தொட்டிக்குள்ளிருந்து நீல நிறத்தில் ஒரு தலை எழுந்தது. அடிபட்டதா, கண்ணில் மருந்து பட்டதா என்று ஒன்றும் சொல்லாமல் அது கேட்டது: "எடுத்தியா?"

"என்னத்த எடுத்தியா?" என்றார் மதினி. சிரிப்பு நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார், கூடைகளைப் பார்த்தார், நடுவில் எட்டிப் பார்த்த லென்ஸைப் பார்த்தார். கை வாய்க்குப் போயிற்று.

பெண்கள் கத்தரியைக்கூட அசைக்கவில்லை. ஒரு பெண் குழாயைத் திறந்துவிட, அண்ணன் முகத்தைக் கழுவிக்கொண்டு சொட்டச் சொட்ட மதினி முன்னால் வந்து நின்றார். கழுவியும் காதோரம் நீலம் போகவில்லை.

"ஒரு தடவ பாரு. வேணாம்னா இங்கனயே அழிச்சிருவேன். சத்தியமா அழிச்சிருவேன்" என்றார். ஊர் ஊராக, மலை மலையாக லென்ஸ் தேடிய மனிதர் இப்படியொரு வாக்குக் கொடுப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சொன்னால் செய்துவிடுவார் என்பதும் எனக்குத் தெரியும்.

கேமராவைக் கொண்டுபோய் மதினி கையில் கொடுத்தேன். எடுத்ததில் ஒன்றே ஒன்றுதான் தெளிவாக இருந்தது. முகம் மட்டும் துல்லியம். முன்னால் நீண்ட இரண்டு கைகளும் புகை, பின்னால் திராட்சைக் கொத்துகளெல்லாம் வெளிச்ச வட்டங்கள். மதினி பார்த்தார். கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். எட்டப் பிடித்துப் பார்த்தார். வாயை மூடியிருந்த கை எப்போது இறங்கியது என்று அவருக்கே தெரியாது.

"நானா இப்படிச் சிரிக்கிறேன்?"

"தெனமும்."

"இதுல நான் யாரப் பாத்துச் சிரிக்கிறேன்?"

"என்னையத்தேன். வேற எந்தக் கிறுக்கன் இந்தத் தொட்டில விழுவான்?"

மதினி முந்தானையை எடுத்து அவருடைய காதோரத்து நீலத்தைத் துடைத்தார். அது போவதாக இல்லை. துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அழிக்க வேணாம். மாட்டிக்கங்க. ஆனா வீதியில போறவுக பாக்கக் கூடாது. உள்பக்கமாத் திருப்பி மாட்டுங்க."

இப்போதும் சின்னமனூர் போனால் பாருங்கள். அந்தக் கண்ணாடி அலமாரியில் எல்லாரும் வீதியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நடுவில் அந்தப் பெரிய தேக்கு ஃபிரேமின் முதுகுதான் தெரியும், பழுப்பு அட்டையும் நான்கு ஆணியும். போகிறவர்களெல்லாம் தவறுதலாகத் திருப்பி மாட்டிவிட்டதாக நினைத்து வாசலிலிருந்தே சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

போன மாதம் போயிருந்தேன். அண்ணன் கட்டப்பனை வியாபாரியை நேரில் போய், அதே லென்ஸில், தாடி இழை இழையாக எடுத்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அந்த வியாபாரி லென்ஸைத் திருப்பிக் கேட்டு இன்றுவரை போன் செய்கிறாராம்.

"எனக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லலையேண்ணே, அந்தப் படத்த எடுத்தது நாந்தேனே?" என்று வம்புக்கு இழுத்தேன்.

"நீ அமுக்குன, அம்புட்டுத்தேன். விழுந்தது யாரு?"

அதுவும் நியாயம்தான். "சரிண்ணே, ஊரே பாக்கணும்னுதேனே ஃபிரேம காலியா வச்சுருந்தீக? இப்ப நீங்க மட்டும் பாக்குறீகளே, வருத்தமா இல்லையா?"

"அவ பாத்துட்டாள்ல தம்பி" என்றார்.

சொல்லிவிட்டு எழுந்து அலமாரிப் பக்கம் போனார். இந்தப் பள்ளத்தாக்கையே எட்டி நிற்கச் சொன்ன மனிதர், மூக்கு ஃபிரேமின் கண்ணாடியில் இடிக்கும் தூரத்தில் போய் நின்றுகொண்டு அந்தப் படத்தைப் பார்த்தார். நான் சத்தம் போடாமல் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.